இரண்டாவது மெயில்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. அக்கா அந்த ரகத்தில் ஒரு படி மேல். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பிறகு, இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று மறுபடி திறந்து மறுபடி பூட்டுவாள். அவள் கணவர் லாரி மெக்கானிக், பொறுமைசாலி. தெருமுனையில் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தப் பூட்டு தேய்ந்து போனால் திருடனால் போகாது, உன்னால்தான் போகும் என்பார். அவளுக்கும் சிரிப்பு வரும். ஆனால் கை கேட்காது.

அவளை எல்லோருமே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. பார்சல் அலுவலகத்தில் எடை பார்க்கிற கவுண்ட்டர் அவளுடையது. உள்ளே என்ன, உடையுமா, ஒழுகுமா, முகவரியில் கதவு எண் சரிதானா என்று ஒன்றுக்கு மூன்று முறை கேட்பாள். அனுப்ப வந்தவருக்கே தான் கொண்டு வந்த பொருள்மேல் சந்தேகம் வந்துவிடும். பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று மறுநாள் அந்தப் பக்கத்து அலுவலகத்துக்கு ஃபோன் செய்வாள். அது அவள் வேலையே இல்லை. பின்னால் உட்கார்ந்து மூட்டை கட்டுகிற பெரியவர் அவளுக்குப் பரபரப்பு என்று பெயர் வைத்திருந்தார். அன்றைக்குக் கூட்டம் எப்படி என்று யாராவது கேட்டால், கூட்டம் இல்லை, பரபரப்பு மட்டும் இருக்கிறது என்பார்.

எதனால் இப்படி ஆனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பிறக்கும்போதே காலில் சக்கரத்தோடு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். ஆனால் அந்தச் சக்கரம் உருண்டதெல்லாம் ஒரே ஆளைச் சுற்றித்தான். தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, வீட்டில் இருந்த இரண்டு கண்களும் இவளுடையவை. அவன் சட்டைப் பொத்தான் சரியான ஓட்டையில் விழுந்திருக்கிறதா, தண்ணீர் பாட்டில் மூடி இறுகியிருக்கிறதா, பள்ளிக்கூட வண்டி கிளம்பிய பிறகும் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பிரெய்ல் படிக்கத் தொடங்கியபோது இவளும் கூடவே உட்கார்ந்தாள். விரலால் அவளுக்கு வரவில்லை. புள்ளிகளைக் கண்ணால் பார்த்தே படித்துவிடுவாள். அது அழுகுணி ஆட்டம் என்று தம்பி சண்டை பிடிப்பான்.

கல்யாணம் பேசியபோதுகூட, தம்பி இருக்கும் தெருவிலேயே வீடு பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். மெக்கானிக் சரி என்றார். அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது, தெரு என்று அவள் சொன்னது மாடிப்படியைத்தான் என்று. தம்பி மேல்மாடியில் தனியாக இருந்தான். சமைத்தான், துவைத்தான், பஸ் ஏறிப் போய் வந்தான். அவள் கீழே இருந்தபடி அவன் காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தம்பிக்குக் குரல் அமைந்திருந்தது. கனமும் இல்லாமல் மென்மையும் இல்லாமல், காதுக்குள் நேராக வந்து உட்காருகிற குரல். நகர வானொலி நிலையம் ஒன்றில் மதியச் செய்தி வாசிக்க ஆள் தேடினார்கள். அவன் போய் வாசித்துக் காட்டினான். நிலைய இயக்குநர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சோதனையாக ஒரு மாதம் வாசிக்கட்டும், பிறகு நிரந்தரமா இல்லையா என்று சொல்கிறேன் என்றார். ஒரு வேலைக்காக அவன் எத்தனையோ கதவுகளைத் தட்டிப் பார்த்தவன். அக்காவுக்கு அந்த மாதம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

நிலையத்தில் புள்ளிகள் எழும்பி எழும்பி இறங்குகிற சின்னக் கருவி ஒன்று வாங்கியிருந்தார்கள். அதில் விரல் வைத்து வாசிக்கலாம். ஆனால் அது எழுப்புகிற கடகட சத்தம் மைக்கில் விழுந்தது. அதனால் காகிதம்தான் என்று முடிவாயிற்று. பிரெய்ல் அச்சிடும் பிரிண்டரும் நிலையத்தில் இருந்தது. செய்தியைப் பிரெய்லுக்கு மாற்றி, பக்கம் பக்கமாக ஒழுங்குபடுத்திக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. நான் இருக்கிறேனே என்றாள் அக்கா. காலையில் செய்திப்பிரிவு அவளுக்கு மெயில் அனுப்பும். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாற்றி, ஒழுங்குபடுத்தி, திருப்பி அனுப்பிவிட்டு மதியப் பணிக்கு பஸ் ஏறுவாள்.

ஒழுங்குபடுத்துவது என்றால் சும்மா இல்லை. தம்பி இரண்டு கையாலும் வாசிப்பவன். வலது கை ஒரு வரியை முடிப்பதற்குள் இடது கை அடுத்த வரியின் தலையைப் பிடித்திருக்கும். வாய்க்கு முன்னால் கை போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் எந்தச் சொல்லும் வரிக் கடைசியில் உடையக் கூடாது. ஒரு வாக்கியம் பக்கம் தாண்டிப் போகவும் கூடாது. போனால், தாளை மாற்றுகிற நேரத்தில் வாக்கியம் நடுவழியில் நிற்கும். ஆகவே வாக்கியம் முடிகிற இடத்தோடு பக்கத்தை நிறுத்தி, மிச்சத்துக்கு வெற்று வரிகளை விட்டு வைப்பாள். வானிலைக்கு ஊர்ப் பெயர் இடது ஓரம், வெப்பநிலை வலது ஓரம், நடுவில் வெறும் இடைவெளி. அவன் இரண்டு கையையும் இரண்டு ஓரத்தில் வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போவான்.

இதெல்லாம் ஃபைலில் பார்த்தால் ஒன்றுமே புரியாது. ஆங்கில எழுத்தும் கமாவும் கேள்விக்குறியும் கலந்து, பூனை விசைப்பலகைமேல் நடந்துபோனது போல் இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு புள்ளிக் கூட்டம். வெற்றிடமும் அப்படித்தான், அதுவும் ஓர் எழுத்துதான். ஆனால் மெயிலுக்கு அது தெரியாது. இரண்டு மூன்று வெற்றிடம் சேர்ந்திருந்தால் எதற்கு இவ்வளவு என்று ஒன்றாக்கிவிடும். வரியை எங்கே மடிப்பது என்று தானே முடிவு செய்துகொள்ளும். முதல் வாரத்து ஒத்திகையில் அக்கா அந்த எழுத்துகளை அப்படியே மெயிலுக்குள் ஒட்டி அனுப்பப்போய், அங்கே போய்ச் சேர்ந்தது கூழாகியிருந்தது. ஒத்திகை என்பதால் பிழைத்தார்கள்.

அன்றைக்கு அவள் யோசித்தாள். கண்ணாடிச் சாமானை யாராவது வெறுமனே லாரியில் தூக்கிப் போடுவார்களா? பெட்டிக்குள் வைத்து, மூடி, ஒட்டி அல்லவா அனுப்புகிறோம். ஃபைலை ஜிப் செய்து இணைத்து அனுப்பிப் பார்த்தாள். உள்ளே இருந்தது ஒரு புள்ளி பிசகாமல் போய்ச் சேர்ந்தது. உடனே நிலையத்துக் கம்ப்யூட்டர்காரருக்குச் சட்டம் போட்டாள். மெயிலுக்குள் ஒட்டியது எதையும் அச்சிடாதீர்கள், ஜிப்பைப் பிரித்து நேராகப் பிரிண்டருக்கு அனுப்புங்கள், வேறு எதிலும் திறந்து சேமிக்காதீர்கள் என்றாள். அவர் நிதானமான மனிதர். சரிங்க டீச்சர் என்றார். அதை அவருக்கு மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள்.

மாதம் ஓடிவிட்டது. கடைசி நாள் வந்தது. இயக்குநர் தன் அறையில் உட்கார்ந்து முழுச் செய்தியும் கேட்கப்போகிறார் என்று தம்பி முந்தைய நாளே சொல்லியிருந்தான். சாதாரணமாகத்தான் சொன்னான். அவள்தான் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள்.

காலையில் செய்தி வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். மாற்றினாள், பக்கம் பிரித்தாள், வானிலையை நிறுத்தி வைத்தாள். ஒவ்வொரு வரியின் முடிவையும் கண்ணால் தடவிப் பார்த்தாள். ஜிப் செய்தாள், அனுப்பினாள், போய்விட்டதா என்று பார்த்தாள், போயிருந்தது. கணவர் வண்டியில் கொண்டுபோய் நிறுத்தத்தில் விட்டார். பூட்டைப் பார்க்க அன்று அவள் திரும்பிப் போகவில்லை. அதை அவர் கவனித்தார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார், பாவம்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதுதான் வினையாயிற்று. நின்றுகொண்டு போயிருந்தால் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். உட்கார்ந்ததும் இரண்டு கையும் சும்மா இருந்தன. சரியான ஃபைலைத்தான் இணைத்தோமா, நேற்றைய ஃபைலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. ஃபோனை எடுத்து, அனுப்பிய மெயிலைத் திறந்து, ஜிப்பைப் பிரித்து உள்ளே பார்த்தாள். இன்றைய ஃபைல்தான். ஆனால் வரிகள் கன்னாபின்னாவென்று உடைந்து கிடந்தன. ஒரு வரி நீளம், அடுத்தது அரை வரி, அடுத்தது நீளம். வானிலையில் எண்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே போய் விழுந்திருந்தன.

ஃபோனின் திரை குறுகல். ஃபைலில் உள்ள நீள வரி அதில் கொள்ளாது, அதனால் மடித்துக் காட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் இது அவளுக்கு எட்டியிருக்கும். ஒரு மாதமாக ஊருக்கே பாடம் எடுத்தவள் அவள். ஆனால் அன்று மூளை வேலை செய்யவில்லை, கைதான் வேலை செய்தது. முழுவதையும் எடுத்துப் புதிய மெயில் ஒன்றுக்குள் ஒட்டிப் பார்த்தாள். எழுத்தைச் சின்னதாக்கினாள். என்ன அதிசயமோ, அங்கே வரிகள் ஒழுங்காக நின்றன. அவளுக்கு உயிர் வந்தது. மேலே இப்படி எழுதினாள்: ‘முதலில் வந்த ஃபைல் கெட்டுவிட்டது. அதை விட்டுவிடுங்கள். இதையே அச்சிடுங்கள். அவசரம்.’ அனுப்பிவிட்டுத்தான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.

அலுவலகத்தில் மதியச் செய்திக்கு ரேடியோவைப் போடுவது ஒரு மாதமாகப் பழகிப்போயிருந்தது. பெரியவர் கட்டுகிற கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். தம்பியின் குரல் வந்தது. வணக்கம் சொன்னான், தலைப்புகளைச் சொன்னான். முதல் செய்தியைத் தொடங்கி ஒரு வாக்கியம் போனான். இரண்டாவது வாக்கியத்தின் நடுவே, ஒரு சொல்லின் பாதியில், நின்றுவிட்டான்.

ரேடியோவில் ஒரு மனிதன் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அந்த மனிதன் நம் வீட்டு மனிதனாக இருந்தால்தான் தெரியும். அக்காவின் கையில் யாருடைய பார்சலோ இருந்தது. எதிரே நின்றவர் ஏதோ கேட்டார். கரண்ட் போய்விட்டதா என்று பெரியவர் ரேடியோவைத் தட்டினார். அவள் பார்சலைத் தராசில் வைக்காமல் பிடித்தபடியே நின்றாள்.

பிறகு குரல் வந்தது. அந்தச் சொல்லை முதலிலிருந்து எடுத்தான். அப்புறம் மெதுவாகப் போனான். தண்ணீருக்குள் கால் வைத்து ஆழம் பார்த்துப் பார்த்து நடப்பது போல ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் போனான். கேட்பவர்களுக்கு இவர் நிதானமாக வாசிக்கிறார் என்று தோன்றியிருக்கலாம். அவன் அப்படி வாசிக்கிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தாள் மாற்றுகிற சத்தம் இரண்டு முறை வாக்கியத்தின் நடுவில் கேட்டது. வானிலையில் ஓர் ஊரின் வெப்பநிலையை இன்னொரு ஊருக்குச் சொல்லி, மன்னிக்கவும் என்று திருத்தினான். கடைசிச் செய்தியைத் தொடவே நேரமில்லை. செய்திகள் முடிந்தன என்றான்.

தலை வலிக்கிறது என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். அவர் கவுண்ட்டரில் போய் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் தம்பிக்கு ஃபோன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர்காரரை மனதுக்குள் கிழித்துத் தொங்கவிட்டாள். படித்துப் படித்துச் சொல்லியும் எதிலோ திறந்து எதையோ சேமித்துக் கெடுத்துவிட்டான் மனுஷன் என்று, ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிற அளவுக்கு முணுமுணுத்தாள்.

நிலையத்து நடையில் அவரே எதிரே வந்தார். இவள் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார்.

“நீங்க சொன்ன மாதிரியேதாங்க செஞ்சேன். முதல் ஃபைலை ஜிப்லருந்து பிரிச்சு அப்பவே அச்சடிச்சுட்டேன். அப்புறம் உங்க இரண்டாவது மெயில் வந்துச்சு. ஒட்டினதை அடிக்காதீங்கன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க, அதனால உங்களுக்கு ஃபோன் பண்ணேன். லைன் பிஸி. தம்பிகிட்டயே கேட்டேன். அக்கா சொன்னா அதையே அடிங்கன்னாரு.”

லைன் பிஸியாக இருந்தது எதனால் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. மெயில் அனுப்பிய கையோடு செய்திப்பிரிவுக்கு ஃபோன் செய்து, மெயில் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. அவள் உட்காரவில்லை.

தம்பி இயக்குநர் அறையிலிருந்து வெளியே வந்தான். சுவரோரமாக நடந்து வந்தவன், இவள் அருகில் வந்ததும் நின்றான். அவள் எங்கே நின்றாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். சும்மா நிற்கத் தெரியாதவள் எழுப்புகிற சத்தம் அது என்று சொல்வான். அவன் கையில் தாள்கள் இருந்தன. அவள் ஒரு தாளை வாங்கிப் பார்த்தாள். வரிகள் தாளின் விளிம்பு வரை ஓடி, முட்டி, சொல் எங்கே இருந்தாலும் அங்கே வெட்டுப்பட்டுக் கிடந்தன. பக்கங்களுக்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. ஊர்ப் பெயரும் வெப்பநிலையும் இடைவெளி இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. அவள் செய்தது. கம்ப்யூட்டர்காரர் செய்ததில்லை.

“என்னடா சொன்னாரு?” என்று கேட்டாள்.

இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். கோபப்படவில்லையாம். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைக்குச் செய்தது போல இன்னொரு நாள் செய்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாராம். தம்பி இதை யாருக்கோ நடந்தது போலச் சொன்னான்.

அக்கா அழுதுவிட்டாள். தான்தான், தன் கைதான், பஸ்ஸில் சும்மா இருக்க முடியாமல் செய்துவிட்டேன், இப்போதே உள்ளே போய் இயக்குநரிடம் சொல்லிவிடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“அவர்கிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன்கா. நீ பண்ணதுன்னு இல்ல. நான் பண்ணதுன்னு.”

“நீ என்னடா பண்ணே?”

“முதல்ல அச்சடிச்ச தாள் என் கையில இருந்துச்சு. பூரா ஒரு தடவை படிச்சும் பார்த்துட்டேன். சுத்தமா இருந்துச்சு. அப்புறம் இது வந்துச்சு. முதல் வரியில விரல் வச்சதுமே இது தப்புன்னு தெரிஞ்சுது. ஆனா நீ சொல்லிட்டியே. அதை மேசையில வச்சுட்டு, இதை எடுத்துட்டு உள்ளே போனேன்.”

அவள் கையிலிருந்த தாளை மடித்தாள், பிரித்தாள்.

“என் விரலை நம்பாம உன்னை நம்பிப் போயிருக்கேன். இந்த வயசுல,” என்றான். “அந்த இடத்துல வாயடைச்சு உட்கார்ந்திருந்தப்ப அதுதான் ஓடுச்சு. செய்தியைப் பத்தி நினைக்கவே இல்ல.”

அவன் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலையைச் சொல்பவன் போலச் சொன்னான். நாளை முதல் காலையிலேயே நிலையத்துக்கு வந்துவிடுவானாம். அந்தக் கடகட கருவியை வெளியே ஓர் அறையில் வைத்துக்கொள்வானாம். செய்திப்பிரிவு கொடுப்பதைத் தானே மாற்றி, விரலால் தொட்டுப் பார்த்துத் தானே பக்கம் பிரித்து, அங்கேயே அச்சடித்துக்கொள்வானாம். கம்ப்யூட்டர்காரரிடம் பேசியாகிவிட்டதாம். மெயிலே வேண்டாமாம்.

“எல்லாருக்கும் செய்தி வாசிக்கிறேன்கா. உனக்கும் வாசிக்கிறேன். நீ சும்மா கேளு,” என்றான்.

சரி என்றாள். அந்தச் சரியைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்தது என்பதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அன்று மாலை அவர் வழக்கம்போல் பூட்டைப் பற்றிக் கிண்டல் செய்தபோது எழுந்து உள்ளே போய்விட்டாள். தன்னால் தம்பியின் வேலை போக இருந்ததே என்ற வருத்தம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிட, அவன் தன்னை விட்டு விலகுகிறான் என்பது அவளைத் தின்றது. தன்மேல் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் செய்திப்பிரிவிலிருந்து மெயில் வரவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள், அணைத்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். தம்பி படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. வாசல் வரை போய் நின்றாள், கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஃபோனைப் பையின் அடியில் போட்டு, பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு போனாள்.

மதியம் பெரியவர் ரேடியோவைப் போட்டார். தம்பி வணக்கம் சொன்னான். முதல் செய்தி, இரண்டாவது செய்தி என்று ஒரே ஓட்டமாகப் போனது. மூன்றாவது செய்திக்கு முன் ஓர் இடைவெளி விழுந்தது. இவ்வளவு நாளும் எந்த இடைவெளி எதற்கு என்று அவளுக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் அவளே வைத்தவள். இது தாள் மாற்றுகிற இடமா, மூச்சு வாங்குகிற இடமா, வரி உடைந்து அவன் விரல் தவிக்கிற இடமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கவுண்ட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் மறுபடி வந்தது, வானிலையைச் சொன்னது, முடித்தது.

மாலையில் அவன் படியேறிப் போனபோது அந்த இடைவெளி என்னவென்று கேட்க வாய் வரை வந்தது. அவள் கேட்கவில்லை.